அத்தானிடம் ஒருவரும் கேட்கவில்லை

2024ஆம் ஆண்டு கோடையில் ஐந்து வாரங்கள் நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். உல்லாசப் பயணமாகப் போகவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் அத்தானுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்திருந்தன. பேச்சும் இடறியது. ஒரு சொல் வாய்க்கு வருவதற்குள் கேட்பவர் பொறுமை இழந்துவிடுவார். ஆனால் அவருக்கு விளங்காதது ஒன்றுமில்லை. வடமராட்சியில் கணிதம் படிப்பித்தவர். புலம்பெயர்ந்த பின் இருபது வருடங்களுக்கு மேலாக வாகனத் தரிப்பிடமொன்றில் காசாளராக இருந்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர். அப்போது வயது 66.

நான் போன வேளையில் அந்த வீட்டின் சாப்பாட்டு மேசை நிறைய விண்ணப்பப் படிவங்கள் கிடந்தன. அவரை யார் பார்ப்பது, எந்தத் திட்டத்தில் பதிவது என்று ஒவ்வொரு மாலையும் விவாதம் நடந்தது. நியூ ஜேர்சியிலிருந்து மகன் தொலைபேசியில் கலந்துகொண்டான். ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா ஆலோசனை சொன்னார். நானும் என் பங்குக்கு அபிப்பிராயம் சொன்னேன். பத்து நாட்கள் கழிந்த பின்னர்தான் ஒரு விடயம் எனக்கு உறைத்தது. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் வாழும் நம்மவர் பலர் இன்று இதே மேசையில் இருக்கிறார்கள். மற்ற நாடுகளில் இருப்போரும் என்றோ ஒருநாள் அங்கு வந்துசேரக் கூடும்.

முதலில் ஒரு தெளிவு. மெடிக்கெயார், மெடிக்கெயிட் என்ற இரண்டு பெயர்களும் நம் முதியவர்களின் பேச்சில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டும் 1965இல் ஒரே சட்டத்தின் மூலம் பிறந்தவை. ஆனால் வேறு வேறானவை. மெடிக்கெயார் 65 வயதைக் கடந்தோருக்கும் குறிப்பிட்ட சில உடற்குறைபாடுள்ளோருக்குமான காப்புறுதி. வைத்தியசாலைச் செலவை ஏற்கும். அதன் பின்னரான தாதிமை நிலையப் பராமரிப்பை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆகக்கூடியது 100 நாட்கள் வரை ஏற்கும். அதிலும் 21ஆம் நாளிலிருந்து நோயாளியும் பங்கு கட்ட வேண்டும். ஆனால் ஒருவரை நாள்தோறும் எழுப்பி, குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சோறூட்டும் நீண்டகால வேலைக்கு அது பணம் தராது. அதற்குத் தருவது மெடிக்கெயிட். அது வருமானமும் சேமிப்பும் குறைந்தோருக்கு சமஷ்டி அரசாங்கமும் மாநிலமும் சேர்ந்து நடத்துவது. ஐம்பது மாநிலங்களிலும் ஐம்பது விதமான விதிகள்.

அந்தத் திட்டத்துக்குள் ஒரு பழைய கோணல் இருக்கிறது. தாதிமை நிலையத்துக்கான செலவை ஏற்பது மாநிலங்களின் கட்டாயக் கடமை. வீட்டில் வைத்துப் பராமரிப்பதற்கான சேவைகளில் பெரும்பாலானவை மாநிலத்தின் விருப்பத்தைப் பொறுத்தவை. அதாவது ஒருவரை வீட்டிலிருந்து அகற்றுவதற்குப் பணம் உறுதி. வீட்டிலேயே வைத்திருப்பதற்குப் பணம் உறுதியில்லை. இந்தக் கோணலை நிமிர்த்தியவர்கள் உடற்குறைபாடு உள்ளவர்களும் அவர்களின் குடும்பத்தினருமே. அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்ற சிறுமி வைத்தியசாலையில் இருந்தால் மட்டுமே மெடிக்கெயிட் கிடைக்கும், வீட்டுக்குப் போனால் கிடைக்காது என்ற நிலை இருந்தது. 1981இல் ஜனாதிபதி றேகனே அதைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்ட நேர்ந்தது. வீட்டுப் பராமரிப்புக்கான விசேட அனுமதித் திட்டங்கள் அதே ஆண்டில் சட்டமாயின. ஜோர்ஜியாவில் லோயிஸ் கேர்ட்டிஸ், எலைன் வில்சன் என்ற இரு பெண்கள் தேவையின்றி நிறுவனத்துக்குள் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களின் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், அவ்வாறு வைத்திருப்பது உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு எதிரான பாகுபாடு எனத் தீர்ப்பளித்தது. இன்று அக்காவின் மேசையில் ஒரு தெரிவு இருக்கிறதென்றால் அது இவர்களால் வந்தது.

அந்த மேசையில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, தாதிமை நிலையம். அக்கா அந்தச் சொல்லையே வீட்டில் எடுக்க விடவில்லை. இரண்டாவது, பராமரிப்பு முகவர் நிலையம் ஒன்றின் ஊடாகப் பணியாளரைப் பெறுவது. பயிற்சி, மேற்பார்வை, ஒருவர் வராவிட்டால் மாற்றாள் அனுப்புவது எல்லாம் அவர்களின் பொறுப்பு. ஆனால் யார் வருவார், எந்த மொழி பேசுவார், எத்தனை மாதம் நிற்பார் என்பது நம் கையில் இல்லை. மூன்றாவதை நியூயோர்க்கில் சுருக்கமாக ‘சீடிபாப்’ என்பார்கள். பராமரிப்புப் பெறுபவரே தமக்கு உதவுபவரைத் தெரிவுசெய்து, பழக்கி, வேலை வாங்கி, வேண்டாமென்றால் நிறுத்துவதற்கு உரிமை தரும் திட்டம். சம்பளம் மெடிக்கெயிட் பணத்திலிருந்து போகும். உதவியாளருக்குச் சான்றிதழ் தேவையில்லை. முகவர் நிலையத்தின் சாதாரணப் பணியாளர் தொடக்கூடாத சில வேலைகளையும், உதாரணமாக இன்சுலின் ஊசி போடுவதையும், இவர் செய்யலாம்.

நம் சமூகத்தில் இந்த மூன்றாவது திட்டத்துக்கு வேறொரு பெயர் இருக்கிறது: ‘பிள்ளைக்குச் சம்பளம் குடுக்கிற திட்டம்.’ கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாவிலும் இது இப்படித்தான் பேசப்படுகிறது. மனைவிக்கோ கணவனுக்கோ நியூயோர்க்கில் இத்திட்டத்தின் கீழ் சம்பளம் இல்லை. கலிபோர்னியாவில் அதற்கு நிகரான திட்டத்தில் உண்டு. ஆகவே அக்கா விலக்கப்பட்டாள். மிஞ்சியது என் மருமகள். 31 வயது, வைத்தியசாலை ஆய்வுகூடமொன்றில் வேலை. ‘அவள் வேலையை விட்டுப்போட்டு அப்பாவைப் பாக்கட்டும், அரசாங்கம் காசு குடுக்கும்தானே’ என்பதுதான் கனடாச் சித்தப்பாவின் தீர்ப்பு. மகனுக்கு அது சரியாகப் பட்டது. அக்கா மௌனமாக இருந்தாள். மருமகள் இரவில் சமையலறையில் நின்று, “மாமா, நான் மாட்டன் எண்டு சொன்னா என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?” என்று என்னிடம் கேட்டாள்.

இதற்கிடையில் மதிப்பீட்டுக்கு ஒரு தாதி வந்தார். நோயாளிக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்த்து எழுதுவது அவரது வேலை. எத்தனை மணித்தியாலம் கிடைக்கும் என்பது பெரும்பாலும் அந்த எழுத்தில்தான் தங்கியிருக்கிறது. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? காலையிலேயே அத்தானைக் குளிக்க வார்த்து, தலை வாரி, மடிப்புக் கலையாத சேட் போட்டு, கதிரையில் நிமிர்த்தி இருத்திவிட்டாள். தாதிக்குத் தேநீரும் பற்றீஸும் வந்தன. “கழிப்பறைக்குத் தனியே போவாரா?” என்றால் “ஓம், பிடிச்சுக்கொண்டு போவார்” என்றாள். பிடித்துக்கொண்டு போவது அவளுடைய தோளை என்பதைச் சொல்லவில்லை. இரவில் இரண்டு தடவை எழும்புவதையும் சொல்லவில்லை. “பரவாயில்லை, சமாளிக்கிறம்” என்று முடித்தாள். கிடைத்தது வாரத்துக்கு 20 மணித்தியாலம்.

விருந்தாளி முன் குறை சொல்லாதது நம் வளர்ப்பு. அந்தப் பண்பு மதிப்பீட்டு நாளில் நமக்கு எதிரியாகிவிடுகிறது. பொய் சொல்லத் தேவையில்லை. ஆகக் கடினமான நாளை உள்ளபடி சொன்னால் போதும். அதற்குப் பின் ஒரு வாரம் மருமகள் கொப்பியொன்றில் எல்லாவற்றையும் குறித்தாள்: எத்தனை தடவை தூக்கியது, எத்தனை மணிக்கு எழும்பியது, எப்போது விழப் பார்த்தார். அந்தக் கொப்பியோடு மறுபரிசீலனை கேட்டபோது மணித்தியாலம் 35 ஆனது. முடிவு கடிதமாக வரும். அதை எதிர்த்து முறையிட உரிமை உண்டு. கிடைத்துக்கொண்டிருக்கும் மணித்தியாலத்தைக் குறைப்பதாகக் கடிதம் வந்தால், குறைப்பு நடைமுறைக்கு வரமுன் முறையிட்டால் விசாரணை முடியும் வரை பழைய அளவைத் தொடரக் கேட்கலாம். கடிதத்தைப் பிரித்துப் படிக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைப்பவர்கள் இந்த உரிமையை இழக்கிறார்கள்.

ஆனால் எனக்கு உறைத்த விடயம் இதுவல்ல.

ஒரு மாலை விவாதம் உச்சத்துக்குப் போயிருந்தது. மகன் தொலைபேசியில் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்: தங்கைச்சியின் ஆய்வுகூடச் சம்பளம் இவ்வளவு, அரசாங்கம் தருவது இவ்வளவு, வித்தியாசத்தை நான் தாறன். அத்தான் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தார். இடது கையால் கதிரைக் கைப்பிடியைத் தட்டினார். ஒருவரும் பார்க்கவில்லை. மீண்டும் தட்டினார். நான் எழுந்து அவருக்கு முன்னால் போய் இருந்தேன். நான்கைந்து நிமிடங்கள் எடுத்தன. வந்த சொற்கள் இவை: “பிள்ளை... வேண்டாம். என்னைக் குளிக்க வாக்க... பிள்ளை வேண்டாம். ஆம்பிளை... ஆள்.”

அறை அமைதியாயிற்று. தொலைபேசியில் மகன் மட்டும் “ஹலோ, ஹலோ” என்றான்.

அந்த மனிதர் தம் மகளின் கையால் குளிப்பாட்டப்படுவதைத் தாங்கமாட்டார் என்பது நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மகளின் தியாகத்தைப் பற்றிப் பேசினோம். மகனின் கடமையைப் பற்றிப் பேசினோம். மணித்தியாலம், டொலர், வருமான வரி எல்லாம் பேசினோம். யாருடைய உடம்பைப் பற்றிப் பேசுகிறோமோ அவரிடம் கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் படிவத்தின் தலைப்பிலேயே அது எழுதப்பட்டிருந்தது: பராமரிப்புப் பெறுபவரே நெறிப்படுத்தும் திட்டம். அதை நாம் ‘பிள்ளைக்குச் சம்பளம் குடுக்கிற திட்டம்’ என்று மொழிபெயர்த்த கணத்திலேயே அதன் உயிரை எடுத்துவிட்டோம்.

இந்த வகைத் திட்டங்கள் ஒரு கோரிக்கையிலிருந்து பிறந்தவை. கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் எட் றொபேர்ட்ஸும் அவர் தோழர்களும் 1972இல் சுயாதீன வாழ்வுக்கான நிலையத்தை நிறுவினார்கள். இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்திருந்த அவர், தம்மை யார் தூக்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று தாமே சொல்வதையே சுதந்திரம் என்றார். தானே நடப்பதல்ல, தானே முடிவெடுப்பது. அத்தான் அந்த மாலை கைப்பிடியைத் தட்டிக் கேட்டதும் அதுதான்.

பிறகு வழி இலகுவாகவே திறந்தது. சீடிபாப்பில் உதவியாளர் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நண்பர், அயலவர் யாராகவும் இருக்கலாம். வேலை செய்யச் சட்ட அனுமதியும் சுகாதாரப் பரிசோதனையும் வேண்டும். பிளஷிங் பிள்ளையார் கோயிலில் அறிமுகமான இளைஞர் ஒருவர், மட்டக்களப்பைச் சேர்ந்தவர், பகுதிநேர வேலை தேடிக்கொண்டிருந்தார். அத்தானே அவரைப் பார்த்துத் தலையாட்டினார். மருமகள் அத்தானின் சார்பாளராகப் பதிவானாள்: கடிதம், தொலைபேசி, நேரப் பதிவைச் சரிபார்த்தல் அவள் வேலை. சார்பாளராக இருப்பவர் அதே நோயாளிக்குச் சம்பளம் பெறும் உதவியாளராக இருக்க முடியாது. இந்த விதியை முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதில் ஒரு ஞானம் தெரிகிறது. பராமரிப்பவரும் அவரைக் கண்காணிப்பவரும் ஒருவராகவே இருந்தால், வாய் திறக்க முடியாத நோயாளிக்காக யார் பேசுவது? மருமகள் ஆய்வுகூட வேலையை விடவில்லை.

நான் சொல்வதைப் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது. பிள்ளை பெற்றோரைப் பார்த்துச் சம்பளம் வாங்குவது இழிவென்று நான் சொல்லவில்லை. அப்படி நினைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ‘பெத்த தேப்பனைப் பாக்கக் காசா?’ என்பார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் வழமையாகக் கேட்பது பெண்களிடம்தான். வேலையையும் ஓய்வூதியத்தையும் முதுகெலும்பையும் இழந்து பார்ப்பவளுக்கு அரசாங்கம் தரும் ஊதியம் அவளுடைய உழைப்பின் விலை. தகப்பனும் மகளும் இருவருமே விரும்பினால் அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. இருவரும் என்பதுதான் முக்கியம். சுற்றியிருப்பவர்கள் கணக்குப் பார்த்து ஒருத்தியின் தலையில் வைப்பதைத் தெரிவு என்று சொல்லக் கூடாது.

சுயமாக நெறிப்படுத்துவது எல்லாருக்கும் பொருந்தும் என்றும் நான் சொல்லமாட்டேன். உதவியாளருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்றாள் தேடுவது உங்கள் தலையில். அந்த இளைஞர் ஊருக்குப் போயிருந்த மூன்று வாரங்களும் அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். பக்கத்தில் உறவில்லாத, மறதிநோய் முற்றிய, சார்பாளராக நிற்க ஒருவரும் இல்லாத முதியவருக்கு நல்ல முகவர் நிலையமே பாதுகாப்பு. அங்கும் ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா, எந்த மொழி, என்ன சாப்பாடு என்று கேட்டு வாங்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே எந்தத் திட்டம் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இரண்டு கேள்விகளைத்தான் திருப்பிக் கேட்கிறேன். அவர் என்ன விரும்புகிறார்? உதவியாளர் வராத காலையில் கதவைத் திறந்து வரப்போவது யார்? இரண்டாவதுக்குப் பதில் இல்லையென்றால் முகவர் நிலையத்துக்குப் போங்கள். முதலாவதுக்குப் பதில் இல்லையென்றால் படிவத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அவரிடம் போங்கள்.

சொந்த வீடு உள்ளவர்கள் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். 55 வயதுக்குப் பின் நீண்டகாலப் பராமரிப்புக்காக மெடிக்கெயிட் செலவழித்த பணத்தை, அவர் இறந்த பின் அவரது சொத்திலிருந்து மாநிலம் கோர வேண்டும் என்பது 1993இலிருந்து சமஷ்டிச் சட்டம். வாழ்க்கைத்துணை உயிரோடு இருக்கும் வரை கோர முடியாது. வேறு விலக்குகளும் உண்டு. ஊர்க் கதையை நம்பி வீட்டை அவசரமாகப் பிள்ளை பெயருக்கு மாற்றாமல், முதியோர் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரை முன்கூட்டியே பாருங்கள். தாதிமை நிலையத்துக்கான விண்ணப்பத்தில் முந்தைய ஐந்து வருடக் கைமாற்றங்களையும் ஆராய்வார்கள்.

நான் திரும்பி வந்த பின் காற்று மாறியிருக்கிறது. சீடிபாப்பில் சம்பளம் வழங்கும் பொறுப்பை நூற்றுக்கணக்கான நிறுவனங்களிடமிருந்து எடுத்து மாநிலம் முழுவதற்கும் ஒரே நிறுவனத்திடம் கொடுக்க 2024இல் நியூயோர்க் சட்டமியற்றியது. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தங்கியிருந்த திட்டம் 2025இல் கைமாறியது. அந்த மாற்றத்தில் எங்கள் மட்டக்களப்புத் தம்பிக்கும் இரண்டு கிழமைச் சம்பளம் பிந்தியது. அவர் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் குறை சொல்ல முடியாது. 2025 ஜூலை 4ஆம் திகதி கையொப்பமிடப்பட்ட சமஷ்டிச் சட்டமோ, வரும் பத்து வருடங்களில் மெடிக்கெயிட்டுக்கான சமஷ்டிச் செலவைப் பெருமளவில் குறைக்கப் போகிறது. பணம் குறையும்போது மாநிலங்கள் எதில் கை வைக்கும்? கட்டாயமானதில் கை வைக்க முடியாது, விருப்பத்துக்குரியதில்தான் வைக்கும். வீட்டுப் பராமரிப்பு விருப்பத்துக்குரியது என்பதை மறந்துவிடாதீர்கள். அங்கு வாக்குரிமை பெற்ற நம்மவர்கள் ஊர் அரசியலைப் பேசும் நேரத்தில் ஒரு பகுதியையாவது, தம் வாசலில் நிற்கும் இந்த அரசியலுக்குக் கொடுக்க வேண்டும்.

கடந்த மாதம் அத்தானோடு கதைத்தேன். சொல் இப்போது கொஞ்சம் இலகுவாக வருகிறது. காலையில் எட்டு மணிக்குக் குளிப்பதை ஒன்பதாக மாற்றிவிட்டாராம். ஏன் என்று கேட்டேன்.

“எனக்கு... விருப்பம்” என்றார்.